அலமாரியில் உன் அங்கி

உன் அங்கியைத் திருடி வைத்திருக்கிறார்கள். இன்று காலை பூசைக்கு முன் கோயில் அலமாரியைத் திறந்ததும் பாச்சை உருண்டை வாசனை அடித்தது. உள்ளே அது தொங்குகிறது. கழுத்துப் பட்டியில் உன் வியர்வைக் கறைகூடப் போகவில்லை.

பாடகர் குழுவில் யார் செத்தாலும் அவருடைய வெள்ளை அங்கியைச் சவப்பெட்டிமேல் போர்த்தி, அதோடு புதைப்பதுதான் நம் கோயில் வழக்கம். உனக்கு மட்டும் இல்லை என்றார்கள்.

துறைமுகத்தில் உப்பு மூட்டை சுமக்கிறவர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது நீ முன்னால் நின்றாய். கோயில் கமிட்டித் தலைவர்தான் அங்கே கப்பல் ஏஜெண்ட். அந்த ஞாயிறே ஆர்மோனியத்தைப் பூட்டிச் சாவியைச் சட்டைப்பையில் போட்டார். "இப்போ பாடுங்கலே, பாப்போம்."

நீ பழைய இசைத்தாளைத் தூக்கிக் காட்டினாய். மேலே 'அ கப்பெல்லா' என்றிருந்தது. உப்பேற்ற வந்த இத்தாலிக் கப்பலின் சமையல்காரனிடம் அர்த்தம் கேட்டு வைத்திருந்தாய்.

"சின்னக் கோயில்ல பாடுத மாதிரின்னு அர்த்தமாம் அண்ணாச்சி. வாத்தியம் கிடையாது, வெறும் தொண்டைதான். சாவி உங்ககிட்டயே இருக்கட்டும்."

குழுவே சிரித்தது. உன் அடிக்குரலைப் பிடித்துக்கொண்டு எல்லோரும் பாடினோம்.

மிச்சக் கதையைக் கோயில் படியில் சொன்னாய். மார்ட்டின் என்ற படைவீரர் குளிரில் நடுங்கிய பிச்சைக்காரனுக்குத் தன் மேலங்கியைப் பாதியாக வெட்டிக் கொடுத்தாராம். பிறகு அவர் புனிதரானார். அந்த அங்கியை வைத்துக் காத்த இடத்துக்குச் சின்ன அங்கி என்ற பொருளில் 'கப்பெல்லா' என்று பேர் வந்தது. பின்னால் எல்லாச் சிற்றாலயங்களுக்கும் அதே பேர்; அங்கே பாடும் முறைக்கும் அதுவே.

"பிச்சைக்காரனுக்கு வெட்டுன துணிலேருந்து வந்த பேருலே இது. இவரு அதைப் பூட்டுதாரு."

அடுத்த மழைக்காலத்தில் கிரேன் கயிறு அறுந்து, மூட்டைகளுக்கு அடியில் நீ செத்துப்போனாய். வேலைநிறுத்தம் செய்தவனுக்கு அங்கி கிடையாது என்றது கமிட்டி. உன் அம்மா தன் முக்காட்டுத் துணியை எடுத்துச் சவப்பெட்டிமேல் போட்டாள். கல்லறைவரை வாத்தியம் இல்லாமல் பாடினோம். அடிக்குரலுக்கு ஆளில்லை. அன்றிலிருந்து அதை நான் பாடுகிறேன். உன் அளவுக்கு இறங்கவில்லை, ஆனாலும் விடுவதாக இல்லை.

இன்று பூசை முடிந்ததும் தலைவரைக் கார் பக்கத்தில் மறித்தேன். "அண்ணாச்சி, அங்கி அவன் கல்லறைக்குப் போகணும். எப்போ தாரீய?"

அவர் உள்ளே ஏறிக் கண்ணாடியை உயர்த்தினார். நான் கண்ணாடியைத் தட்டினேன்.

"எப்போ தாரீய?"