கயிறு என் கையில்தான் இருந்தது

தென்காசி
ஜனவரி 13

அன்பு மகள் நிலோபருக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உனக்கும் மருமகன் அல்தாபுக்கும் பேத்தி சஃப்ரினுக்கும் அல்லாஹ் நல்ல சுகத்தைத் தரட்டும். இங்கே நாங்கள் இரண்டு பேரும் நலம். இரண்டு பேரும் என்பதைக் கொஞ்சம் அழுத்தி வாசி.

போனில் பேசினால் நீ அழுகிறாய். நீ அழுதால் நான் சொல்ல வந்ததை விட்டுவிடுகிறேன். அதனால்தான் எழுதுகிறேன். மசூது வெள்ளிக்கிழமை உன் ஊருக்குத் திருவனந்தபுரத்தில் விமானம் ஏறுகிறான். அச்சு முறுக்குப் பொட்டலத்தோடு இதையும் அவனிடம் கொடுத்துவிடுகிறேன்.

வாப்பா அடுத்த மாதம் லட்சத்தீவுக்குப் போகக் கூடாது, இனிமேல் தண்ணீருக்குள் இறங்கவே கூடாது, அதை நான்தான் சொல்லி நிறுத்த வேண்டும் என்று கேட்டிருந்தாய். அப்படியே அவரிடம் சொன்னேன். கேமராவின் கண்ணாடிக் கூட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்து, "பிள்ளை சொன்னா கேக்க மாட்டேன். நீ சொல்லு, இன்னையோட விட்டுடுதேன்" என்றார். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. ஆக, முடிவு என்னிடம் வந்து நிற்கிறது. அதற்கு முன் அன்று குற்றாலத்தில் நடந்தது உனக்கு முழுதாகத் தெரிய வேண்டும். யாரோ எடுத்து, கை மாறி வந்து, இத்ரீஸ் நம் குடும்பக் குழுவில் போட்ட வீடியோவில் இருப்பது கடைசித் துண்டு மட்டும்தான்.

கத்தாரில் முப்பது வருடம் கடலுக்கு அடியில் எண்ணெய்க் குழாய்களைப் பார்த்தவர் உன் வாப்பா. அங்கே மீன் வந்து முகக்கண்ணாடியில் முட்டினாலும் அதைத் தள்ளிவிட்டு வெல்டிங்கைத்தான் பார்க்க வேண்டுமாம். போன ஜனவரியில் ஓய்வு பெற்று வந்ததும், ஒரு வருடம் மீனை மட்டும் பார்க்கப் போகிறேன் என்றார். நானும் வருவேன் என்றேன். அவர் அதை எதிர்பார்க்கவில்லை. மண்டபத்தில் கடல்பசு மேய்ந்த தடம் கிடைத்தது, கடல்பசு கிடைக்கவில்லை. லட்சத்தீவில் ஓர் ஆமை இவர் முகத்துக்கு நேரே வந்து நின்று கொட்டாவி விட்டது. அந்தமானில் நான் படகின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தபடியே இருந்தேன். மேலே வந்தவர், "நீ போட்டதுக்கு மீன் கூட்டம் கூட்டமா வந்துட்டுட்டி, நல்ல படம்" என்றார். அன்று முழுக்க அவரோடு பேசவில்லை.

கடலில் இவருடன் ஒரு ஆள் இறங்குவார். குற்றாலத்தில் அப்படி யாரும் இல்லை. சாரல் முடிந்து மழையும் ஓய்ந்து சிற்றாறு தெளிந்ததும், தோப்புகளை ஒட்டி ஆறு ஆழமாகத் தேங்கும் கசத்தில் இவர் தனியாகத்தான் இறங்குகிறார். கசம் என்றால் பயப்படாதே, இரண்டு ஆள் ஆழம். அங்கே முதுகில் காற்று உருளையை மாட்டி, நெஞ்சில் வாரைக் கட்டி, அதில் கயிற்றை மாட்டிக்கொள்வார். மறுமுனை பாறைமேல் உட்கார்ந்திருக்கும் என் கையில். கத்தாரில் படகில் நிற்கிறவர் பிடித்த அதே முறை. ஒரு இழுப்பு என்றால் நன்றாக இருக்கிறேன். இரண்டு என்றால் கயிறு விடு. நான் நான்கு தடவை இழுத்தால் அவர் மேலே வந்துவிட வேண்டும், ஏன் என்று கேட்கக் கூடாது. இப்போது கயிறு அசைகிற விதத்திலேயே மீன் கிடைத்ததா, ஓடிவிட்டதா என்று எனக்குத் தெரிந்துவிடும்.

போன ஞாயிற்றுக்கிழமையும் அப்படித்தான் உட்கார்ந்திருந்தேன். ஐயப்பனுக்கு மாலை போட்ட ஒரு பஸ் கூட்டம் குளிக்க இறங்கியது. வீரகேரளம்புதூரிலிருந்து வந்த பெண்கள் சிலரும் இருந்தார்கள். குற்றாலத்தில் ஆற்றுக்குள் கயிறு போனால் ஜனங்களுக்குத் தெரிந்த அர்த்தம் ஒன்றுதானே, முழுகினவரைத் தேடுகிறார்கள் என்று. குமிழி வருவதோ பாறைக்கு அந்தப் பக்கம், அவர்கள் கண்ணில் படவில்லை. குழல்வாய்மொழி என்று ஒரு பெண், என் வயதுதான் இருக்கும், பக்கத்தில் வந்து மெதுவாக, "உள்ள யாருக்கா?" என்று கேட்டாள்.

"எங்க வீட்டுக்காரர்" என்றேன்.

"எம்புட்டு நேரமாச்சு?"

"முக்கா மணி நேரம் இருக்கும்."

"ஏ அம்மா!" என்று மாரில் அடித்துக்கொண்டாள். அழாதம்மா, அவர் உள்ளே மீனைப் படம் எடுத்துக்கொண்டிருக்கிறார் என்றேன். அவள் திரும்பி மற்றவர்களிடம், "பாவம், புத்தி பேதலிச்சிட்டு. மீனுக்குப் போட்டோ எடுக்காருன்னு சொல்லுதா" என்று சொல்லி என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதாள். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. நான் சிரித்ததைப் பார்த்து மற்ற பெண்களும் அழ ஆரம்பித்துவிட்டார்கள். அவ்வளவு அழுகைக்கு நடுவிலும் என் கையில் ஒரு இழுப்பு வந்தது. நானும் ஒன்று இழுத்தேன்.

அதற்குள் மாலை போட்டவர்கள் வந்து, "தள்ளுங்கம்மா" என்று கயிற்றை என் கையிலிருந்து வாங்கிவிட்டார்கள்.

எனக்குப் பயம் வந்தது அப்போதுதான். அதுவரை அவர் உள்ளே நன்றாக இருக்கிறார் என்று கயிறு சொல்லிக்கொண்டிருந்தது. இப்போது என் கையில் ஒன்றும் இல்லை. பத்துப் பேர் சரணம் சொல்லிக்கொண்டு, எந்தக் கணக்கிலும் சேராமல் இழுத்தார்கள். கேமராவை நெஞ்சோடு அணைத்தபடி இவர் வந்து சேர்ந்தார். "சாமி உசுரோட இருக்கு!" என்று ஒருவர் கத்தினார். பாறையில் கிடத்தி வயிற்றை அமுக்கினார்கள். நீ பார்த்த வீடியோ அதுதான். காலையில் தின்ற புட்டைத் தவிர வயிற்றில் வேறு ஒன்றும் இல்லை. "சாமி, கைய எடுங்க சாமி. ஒரு நிமிசம் பொறுத்திருந்தீகன்னா அந்த மீன் திரும்பியிருக்கும்" என்று இவர் கெஞ்சியது வீடியோவில் கேட்கவில்லை.

குழல்வாய்மொழி கண்ணைத் துடைத்துவிட்டு இவரிடம் சண்டைக்குப் போனாள். "ஏன் அண்ணாச்சி, மீனுக்கா போட்டோ? எங்க வீட்டு ஆளு என்னைய ஒரு போட்டோ எடுத்ததில்ல!" என்று சத்தம் போட்டாள். பிறகு எல்லாரும் உட்கார்ந்து அவர்கள் கொண்டுவந்த புளியோதரையைச் சாப்பிட்டோம்.

நிலோபர், நீ பிறந்ததும் வளர்ந்ததும் பள்ளிக்கூடம் போனதும் அவர் கடலுக்கு அடியில் இருந்தபோதுதான். அந்த முப்பது வருடமும் கயிறு யாரோ ஒருவர் கையில் இருந்தது. யார் என்று எனக்குத் தெரியாது. ஆழம் எவ்வளவு, அவர் ஏறிவிட்டாரா, எதுவும் தெரியாது. போன் வந்தால் சுகம் என்று எடுத்துக்கொள்வேன். அப்போது யாரும் என்னிடம், அவரை நிறுத்து என்று சொன்னதில்லை.

திருநெல்வேலி டாக்டர் காதையும் நெஞ்சையும் பார்த்து, இவ்வளவு ஆழம் வரை போகலாம் என்று சொல்லியிருக்கிறார். அதைத் தாண்ட நான் விடமாட்டேன். லட்சத்தீவுக்கு அடுத்த மாதம் போகிறோம். நான்தான் சொன்னேன், போகலாம் என்று.

இதனுடன் ஒரு படம் வைத்திருக்கிறேன். அவர்கள் இழுத்த இழுப்பில் இவர் விரல் பட்டுத் தானாக விழுந்தது. தண்ணீருக்குள்ளிருந்து மேலே பார்க்கிற படம். நெளிந்து தெரிகிற கறுப்பு வேட்டிகள், குழல்வாய்மொழியின் சிவப்புச் சேலை, நடுவில் வெள்ளைத் துப்பட்டியில் ஒரு ஆள், கயிற்றுக்காக இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு. இந்த ஒரு வருடத்தில் அவர் எடுத்த அத்தனை படங்களிலும் நான் இருப்பது இது ஒன்றில்தான். மங்கலாக இருக்கிறது, அழித்துவிடுங்கள் என்றேன். சுவரில் மாட்டியிருந்த ஆமைப் படத்தை எடுத்துவிட்டு அந்தச் சட்டத்தில் இதை மாட்டியிருக்கிறார்.

சஃப்ரினுக்கு லீவு விட்டதும் வா மகளே. கசத்தில் அப்போதும் தண்ணீர் இருந்தால் என் பக்கத்தில் பாறையில் உட்கார். கயிற்றை உன் கையில் தருகிறேன். கீழேயிருந்து ஒரு இழுப்பு வரும். நீயும் ஒன்று இழு. அதற்குப் பிறகும் வேண்டாம் என்று உனக்குத் தோன்றினால், நான்கு தடவை இழு. ஏன் என்று கேட்காமல் வந்துவிடுவார்.

உன் வீட்டில் எல்லாரும் நேரத்துக்கு வீடு வந்து சேர அல்லாஹ் அருள் செய்வானாக.

துஆவுடன்,
உன் உம்மா
ஷரீபுன்னிசா