மேரா சிகரத்தில் வந்த அழைப்பு

யாங்ஜி மகளே,

நீ போனை எடுப்பதில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

மறுபடியும் மலையடிவாரத்துக் கரே கிராமத்துக்கு வந்திருக்கிறேன். மேரா சிகரம் ஏற வந்த ஏழு பேரும் புதியவர்கள். "இது சுலபமான மலைதானே?" என்று ஒருவர் கேட்டார். ஆமாம் என்றேன்.

அம்மாவின் காரியமெல்லாம் முடிந்தபின் வீடு வந்து சேர்ந்த என்னிடம், "யாரோ ஒரு வெள்ளைக்காரிக்காக அம்மாவ விட்டுட்டீங்களேப்பா" என்றாய். ஆறு மாதமாக அதற்கு நான் பதில் சொல்லவில்லை.

அன்று மேல் முகாமில் அந்தப் பெண்மணிக்கு நுரையீரலில் நீர் கோத்துவிட்டது. மேகம் மூடியதால் ஹெலிகாப்டர் வரவில்லை. வழிகாட்டி நான் ஒருவன்தான். அப்போதுதான் உன் மாமா சாட்டிலைட் போனில் கூப்பிட்டு அம்மாவிடம் கொடுத்தார். நாலு நாளாகக் காய்ச்சல் என்றாள். இப்போதே கிளம்பி வருகிறேன் என்றேன்.

"பைத்தியமா உங்களுக்கு? அந்தப் பொம்பளைக்கும் புள்ளைங்க இருக்கும்ல? பத்திரமா இறக்கிட்டு வாங்க. நான் எங்கயும் ஓடிப்போயிட மாட்டேன்" என்று சிரித்தாள். சிரிப்பு இருமலாகி, வெகுநேரம் நிற்கவில்லை.

அந்தப் பெண்மணி பிழைத்துவிட்டார். அம்மா சொன்னதை உன்னிடம் சொன்னால் பழியை அவள்மேல் போட்டதாகிவிடும் என்றுதான் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

ஆனால் அந்த இருமல் எனக்கு நன்றாகக் கேட்டது மகளே. இருபது வருஷமாக இருமலை வைத்துத்தான் ஆட்களை மலையிலிருந்து இறக்குகிறேன். அது எப்படிப்பட்ட இருமல் என்று தெரிந்தும் "சரி" என்றேன்.

அவளிடம் நான் கடைசியாகப் பேசியது அந்த ஒரு வார்த்தைதான்.

உன் அப்பா