பெட்டி மூடிக்குள் ஒரு பெயர்

மே 11, செவ்வாய்

காலையிலிருந்து மழை. கடையை மூடலாம் என்று எழுந்தபோது கினுயோ அக்கா வந்தார். இரண்டு தெரு தள்ளித் தனியாக இருப்பவர். அறுபது வயதில் வீட்டை விற்றுவிட்டு ஓர் அறைக் குடியிருப்புக்குப் போகிறார். துணிப்பையிலிருந்து ஒரு தகரப் பொம்மைப் பேருந்தை எடுத்து வைத்தார். பெட்டியோடு!

பேருந்து எங்கள் பழைய பொம்மைக் கடையிலேயே நான்கு கிடக்கிறது. அந்தக் காலத்தில் ஒசாகாவில் அது இல்லாத வீடே கிடையாது. பெட்டிதான் கிடைக்காது. வாங்கிய அன்றே கிழித்து எறிகிற அட்டையை யார் எடுத்து வைத்தார்கள்?

"எங்க தம்பி மிட்சுவோவோடது. வாங்கிக் குடுத்து ஒரு மாசம்கூட ஆகல, காய்ச்சல்ல போயிட்டான். ஏழு வயசு." மூடியைத் திருப்பிக் காட்டினார். உள்பக்கம் பென்சிலில் கோணல்மாணலாக அவன் பெயர். "இதுக்கு அம்மாகிட்ட அடி வேற. 'உன் பொருள் எல்லாத்துலயும் பேர் எழுதுன்னு டீச்சர்தான் சொன்னாங்க'ன்னு ஒரே அழுகை."

இருவரும் சிரித்தோம். கேட்டதற்கு மேலேயே கொடுத்தேன். "வேற யார்கிட்டயாவது போறதுக்கு முன்னாடி ஒரு தடவ வந்து பாத்துக்கறேன், ஃபுமிகோ" என்றார். சரி என்றேன்.

மே 13

கோபேயிலிருந்து குராட்டா வந்தார். பல் வைத்தியர், எங்களிடம் பழைய பொம்மை வாங்குகிறவர்களில் பெரிய கை. வெள்ளைக் கையுறை போட்டுக்கொண்டு, நோயாளி வாய்க்குள் விடும் குட்டிக் கண்ணாடியைப் பெட்டியின் மூலை மூலையாக விட்டுப் பார்த்தார். முகம் மலர்ந்துகொண்டே போனது. மூடியைத் திருப்பியதும் சுருங்கிவிட்டது.

"பேர் எழுதின பெட்டி சொத்தைப் பல் மாதிரிம்மா. வேண்டாம்."

அவர் போனதும் என் கணவர் டெட்சுஜி, "சொத்தைன்னா சுரண்டிட வேண்டியதுதானே" என்றார். விளையாட்டாகத்தான் சொன்னார்.

மே 14

சுரண்டிவிட்டேன். புது ரொட்டியின் நடுப்பகுதியைப் பிய்த்து உருட்டிப் பென்சில் கோட்டை ஒற்றி ஒற்றி எடுத்தேன். அழுத்தி எழுதியிருந்தான், பள்ளம் தெரிந்தது. மெல்லிய தாளை மேலே போட்டு இளஞ்சூட்டில் இஸ்திரி வைத்தேன். அதுவும் போயிற்று.

"ஏய், ரொட்டிய நீ தின்னியா, பெட்டிக்கு ஊட்டிவிட்டியா?" என்று அவர் கிண்டல். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. என் கை அப்படி. குராட்டாவுக்குத் தகவல் சொல்ல வேண்டும்.

மே 15

இந்தப் பெட்டி ஏன் இவ்வளவு நன்றாக இருக்கிறது என்பது இன்றைக்குத்தான் உறைத்தது. அவன் பிழைத்திருந்தால் மற்றப் பையன்களைப் போல அவனும் கிழித்திருப்பான். விளையாட ஆள் இல்லாமல் போனதால் மிஞ்சியது. அரிய பொருள், அரிய பொருள் என்று நாங்கள் கொண்டாடுவது இதைத்தானா?

குராட்டாவை இன்னும் கூப்பிடவில்லை.

மே 22, சனி

கினுயோ அக்கா தொலைபேசியில்: "ஆகஸ்ட்ல மிட்சுவோவுக்கு அம்பதாம் வருஷச் சடங்கு. அதோட முடிஞ்சுது, அதுக்கப்புறம் அவனுக்குன்னு தனியா எதுவும் கிடையாது. கல்லறைக் கல்லுல அவன் எழுத்தையே வெட்டித் தரேன்னு கல்தச்சர் சொல்றார். நோட்டுப் புத்தகமெல்லாம் அவன் போன வருஷமே வெள்ளத்துல போச்சு. அவன் கையால எழுதினது மூடில இருக்கறது ஒண்ணுதான். நாளைக்கு வந்து மெல்லிசுத் தாள் வச்சு எடுத்துக்கறேன்."

"வாங்கக்கா" என்றேன்.

வாங்கக்காவாம்! அப்பவே சொல்லியிருக்கக் கூடாதா? என் வாய் எங்க போச்சு? பேருந்தைப் பார்க்கத்தான் வருவார் என்று நினைத்தேன். நினைத்தேனா, அப்படி நினைத்துக்கொள்வது வசதியாக இருந்ததா?

டெட்சுஜியிடம் சொன்னேன். கல்லாவைப் பூட்டிச் சாவியை ஆணியில் மாட்டினார். பிறகு, "சொல்லிட்டா உன் பாரம் எறங்கிடும். அவங்களுக்கு என்ன மிஞ்சும்?" என்றார்.

செய்தித்தாள் ஓரங்களில் இடது கையால் எழுதி எழுதிப் பார்த்தேன். முதல் எழுத்தைப் பெரிதாகப் போட்டிருந்தான், கடைசி எழுத்து இடமில்லாமல் ஒடுங்கியிருந்தது. அவ்வளவுதான் நினைவிருக்கிறது. மீதி நான்.

மூடியில் எழுதிவிட்டேன். கடவுளே.

மே 23

வந்தார். மூடியை மடியில் வைத்துக்கொண்டு தாளை மேலே போட்டு, கோடு விலகாமல் எடுத்தார். விரலால் ஒருமுறை தடவினார். "டேய்" என்று மட்டும் சொன்னார். அழுதது நான்தான். அவர் என் முதுகைத் தட்டிக் கொடுத்தார். எனக்கென்று பயறு பூரணம் வைத்த அரிசி உருண்டை வாங்கி வந்திருந்தார். பிரிக்காமல் அலமாரியில் வைத்தேன்.

ஜூன் 6

டெட்சுஜி வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் குராட்டாவிடம் பையனைப் பற்றிச் சொல்லியிருக்கிறார், என் வேலையை மட்டும் விட்டுவிட்டு. மனிதர் அடுத்த ரயிலிலேயே வந்துவிட்டார். கையுறையைக் கழற்றிவிட்டு அந்தப் பெயரைத் தொட்டார்.

"இருக்கட்டும்மா. இது அப்படியே எனக்கு வேணும். இனிமே பேர் எழுதின பெட்டி வந்தா முதல்ல என்னைக் கூப்பிடுங்க."

குட்டிக் கண்ணாடி எதையும் கண்டுபிடிக்கவில்லை. பெட்டி போய்விட்டது.

ஜூலை 19

பெயர் எழுதிய பெட்டி கேட்டு இன்றும் ஒருவர் வந்தார். குராட்டா எல்லாரிடமும் காட்டுகிறாராம். போன வருடம்வரை அப்படி வந்ததையெல்லாம் பாதி விலைக்குத் தள்ளிவிட்டோம். இல்லை என்று சொல்லி அனுப்பினேன். "நீயே எழுதிக் குடுத்திடலாமே" என்று டெட்சுஜி ஆரம்பித்தார். என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். அவரோடு இன்று முழுக்கப் பேசவில்லை.

ஆகஸ்ட் 8, ஞாயிறு

மிட்சுவோவின் சடங்குக்குச் சொல்லிவிடுவது என்றுதான் போனேன். வழியெல்லாம் வார்த்தைகளை அடுக்கிக்கொண்டே போனேன்.

வெயில் மண்டையைப் பிளந்தது. பிக்கு ஓதி முடித்துப் போய்விட்டார். கல்லுக்கு முன்னால் நாங்கள் இருவர்தான். கல்தச்சர் என் எழுத்தை அச்சு அசலாக வெட்டியிருந்தார், கடைசி எழுத்தின் ஒடுக்கம் உட்பட.

"அக்கா" என்றேன்.

அவர் கல்லையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்பா, அம்மா, தம்பி, எல்லாரும் போயாச்சு. அவன் குரல்கூட எனக்கு மறந்துபோச்சு, ஃபுமிகோ. இதைப் பாத்தாத்தான் அவன் பக்கத்துல உக்காந்து எழுதற மாதிரி இருக்கு" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "என்னம்மா, ஏதோ சொல்ல வந்தியே?" என்றார்.

"ரொம்ப வெயிலா இருக்குக்கா" என்றேன்.

கல்லறைக்கு நீர் வார்க்கிற மரக்கரண்டியை என் கையில் கொடுத்தார். கல்லின் மேல் தண்ணீர் ஊற்றினேன்.