சரிவில் உருண்ட ஸ்டூல்

அன்புள்ள அம்மாவுக்கு,

லீட்ஸிலிருந்து தமிழ்மதி வணக்கத்துடன் எழுதுவது. பூண்டி மலையில் குளிர் எப்படி? உன் முழங்கால் வீக்கம் வடிந்ததா? அப்பா வேளைக்குச் சாப்பிடுகிறாரா?

நான் நன்றாக இருக்கிறேன். போன வாரம் பனியில் சறுக்கிக் கணுக்கால் லேசாகச் சுளுக்கிக்கொண்டது. அவ்வளவுதான், பதறாதே. அந்தக் காலோடுதான் என் மூட்டுவலி ஆராய்ச்சியைப் பற்றிப் பேராசிரியர்கள் முன்னால் பேசினேன். வலி உள்ளவர்கள் நாற்காலியில் உட்கார்ந்து வேலை செய்யலாமே என்று ஒருவர் கேட்டார். டாக்டர் பேச்சைக் கேட்டு நீ வயலுக்கு ஸ்டூல் கொண்டுபோனதும், அது சரிவில் உன்னையும் சேர்த்து உருட்டிவிட்டதும் நினைவுக்கு வந்தது. "எங்கள் ஊரில் பூண்டு நாற்காலி உயரத்தில் விளைவதில்லை" என்று சொல்லி, அங்கேயே குத்தவைத்து உட்கார்ந்து காட்டினேன். பிறகு எழுந்திருக்க முடியவில்லை! கேட்டவரே கைகொடுத்துத் தூக்கிவிட்டார்.

மூட்டுவலிக்காரர்களிடம் குத்தவைக்காதே என்று சொல்வதற்குப் பதில், குத்தவைத்து எழுவதையே பயிற்சியாகக் கொடுத்துக் குணமாக்கலாம் என்கிறேன். ஒரு வருடத்தில் நிரூபிக்கச் சொல்லியிருக்கிறார்கள். நிரூபிக்காமல் விடமாட்டேன்.

அடுத்த மாதம் இங்கே படிக்க வரும் ஜோதிமணியிடம் கொஞ்சம் பூண்டு கொடுத்தனுப்பு. இங்கே கிடைப்பதில் வாசமே இல்லை. இன்னொன்று, பூண்டு எடுக்கும்போது எனக்குப் போன் போட்டு வரப்பில் வைத்துவிடு. என்னோடு பேச வேண்டாம். "ஏலே, வெரசா புடுங்குங்க, மேகம் எறங்குது" என்று நீ சத்தம் போடுவது கேட்டால் போதும்.

நான் காத்திருந்த பஸ் வந்துவிட்டது. அந்த ஸ்டூலைத் தூக்கிப் போட்டுவிடாதே. நான் வந்து அதில் உட்கார்ந்துகொண்டு, நீ யார் கையையும் பிடிக்காமல் எழுவதைப் பார்க்க வேண்டும்.

உன் மகள்,
தமிழ்மதி