கரி பஸ் கம்பெனியின் முதலாளியம்மாவுக்கு

அன்புள்ள அண்ணி,

எங்கள் தெருமுனையில் இஸ்திரி வண்டி போட்டிருப்பவர் இன்று காலை ஈரக் கரியை மூட்டியிருப்பார் போலிருக்கிறது. புகை எங்கள் மாடி வரைக்கும் வந்துவிட்டது. மருமகள் ஓடிப்போய் ஜன்னல்களைச் சாத்தினாள். ஒன்றை மட்டும் திறந்து வைக்கச் சொன்னேன். "கண்ணு எரியலையா மாமா?" என்றாள். எரியத்தான் செய்தது. ஆனாலும் ஜன்னலை விட்டு நகர மனம் வரவில்லை. பெரம்பலூர் ஷெட்டில் நம்முடைய மூன்று பஸ்களும் வரிசையாக நிற்கின்றன. அவற்றின் முதுகில் ஆள் உயர இரும்பு உருளைகள். ஷெட் வாசலில் வெள்ளைப் புடவையோடு நீங்கள். புகைக்குள் எல்லாம் அப்படியே தெரிந்தது.

நீங்கள் போய்ச் சில மாதங்கள் ஆகின்றன. அடக்கத்தன்று என்னைப் பேசச் சொன்னார்கள். நாக்கு எழவில்லை. அன்று சொல்ல வேண்டியதைத்தான் இப்போது எழுதுகிறேன்.

அண்ணன் காய்ச்சலில் போனது இரண்டாம் உலகச் சண்டைக் காலத்தின் நடுவில். அப்போதுதான் பெட்ரோலுக்குக் கட்டுப்பாடு வந்து, கிடைக்கிற பெட்ரோலில் ஒரு பஸ்ஸைக்கூட ஒழுங்காக ஓட்ட முடியாமல் இருந்தது. ஓடினால் கரியில் ஓட்ட வேண்டும் என்ற நிலைமை. நாற்பதாம் நாள் பூசை முடிந்து வீட்டுக்கு வந்த சொந்தக்காரர்கள் எல்லாரும் ஒரே பேச்சாகப் பேசினார்கள். திருச்சியில் ஒருவர் மூன்று பஸ்ஸையும் வாங்கிக்கொள்ளத் தயார், கொடுத்துவிட்டு வரதராசன்பேட்டையில் அப்பா வீட்டுக்குப் போய் மறுபடியும் டீச்சர் வேலை பார்ப்பதுதான் உனக்கு நல்லது என்றார்கள். நீங்கள் எல்லாருக்கும் காப்பி கொடுத்துவிட்டு என் பக்கம் திரும்பினீர்கள்.

"தம்பி, நாளைக்கு ஷெட்டுக்குப் போறப்ப என்னையும் கூட்டிட்டுப் போங்க."

அவ்வளவுதான் சொன்னீர்கள். விற்கிற பேச்சு அன்றோடு நின்றது.

நான் அப்போது இரண்டாவது பஸ்ஸின் டிரைவர். முதல் பஸ்ஸை ஓட்டியவர் காதர் பாய். அண்ணன் கம்பெனி தொடங்கிய நாளிலிருந்து அவர்தான் மூத்த டிரைவர். அவர் சொன்னால் ஷெட்டில் மறு பேச்சு கிடையாது. கரி உருளைகள் வந்து இறங்கியதும் அவர் அவற்றை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். அடுப்பு மூட்ட வேண்டும், கையால் விசிறியைச் சுற்றிச் சுற்றிக் காற்று ஊத வேண்டும், கேஸ் வந்த பிறகுதான் என்ஜின் கிளம்பும், வழியில் நிறுத்தி அடுப்புக் கரியைக் கம்பியால் குத்திவிட வேண்டும், சாம்பலை வார வேண்டும், வடிகட்டியைத் தட்ட வேண்டும். உருளையோடு வந்த ஆள் இதையெல்லாம் விளக்கிவிட்டுப் போனதும் பாய் உங்களிடம் வந்தார்.

"அம்மா, தப்பா நெனைக்காதீங்க. இது ஸ்டீரிங் புடிச்ச கை. கரி அள்ளாது."

கிளீனர்கள் அவரை விட ஒரு படி மேலே போனார்கள். "வண்டி கழுவுற வேலையும் நாங்க, கரி அள்ளுற வேலையும் நாங்களா? அதுக்கு வேற ஆளப் பாத்துக்குங்க" என்று மாரிமுத்து உங்கள் முகத்துக்கு நேராகவே சொன்னான். அண்ணனாக இருந்தால் அந்த இடத்திலேயே அவனை வெளியே தள்ளியிருப்பார். நீங்கள் தலையை ஆட்டிக்கொண்டீர்கள். "சரிங்க மாரிமுத்து, யோசிப்போம்" என்றீர்கள். ஒரு கிளீனரை 'ங்க' போட்டுப் பேசிய முதலாளியை அந்த ஷெட் அதுவரை பார்த்ததில்லை. மாரிமுத்துவே என்ன செய்வதென்று தெரியாமல் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் ஒரு பஸ்ஸை மட்டும் ஆள் ஏற்றாமல் அரியலூர் வரை ஓட்டிப் பார்க்கலாம் என்றீர்கள். உருளையோடு வந்த ஆளே அடுப்பை மூட்டிக் கொடுத்தார். பாய் ஓட்டினார். முன் சீட்டில் நீங்கள், பின்னால் நான், மாரிமுத்து. மருதையாற்றைத் தாண்டியதும் வரும் மேட்டில் வண்டி முக்கி முனகி நின்றுவிட்டது. பாய் ஸ்டீரிங்கை விட்டுக் கையை எடுத்துவிட்டு, பாருங்கள் என்பதுபோல் உங்களைத் திரும்பிப் பார்த்தார். எனக்கும் உள்ளுக்குள் கம்பெனி முடிந்தது என்றுதான் தோன்றியது.

நீங்கள் கீழே இறங்கினீர்கள். பாயும் இறங்கினார்.

"பழைய டைம்ல இத ஓட்ட முடியாதும்மா. நான்னு இல்ல, யாரு ஓட்டினாலும் முடியாது. அரியலூர் ரயிலப் புடிக்க முடியாது."

"அப்ப எந்த டைம்ல ஓட்டலாம் பாய்?"

அத்தனை வருஷத்தில் அவரிடம் யாரும் அதைக் கேட்டதில்லை. இந்த நேரத்துக்குக் கிளம்பு, இந்த நேரத்துக்குப் போய்ச் சேர் என்றுதான் சொல்லியிருக்கிறார்கள். அவர் மெதுவாக விரல் விட்டு எண்ணத் தொடங்கினார். எங்கே நிறுத்திக் குத்திவிட வேண்டும், எந்த மேட்டில் ஆட்களை இறக்க வேண்டும், அடுப்பை எப்போது மூட்ட வேண்டும். நீங்கள் குறுக்கே ஒரு வார்த்தை பேசவில்லை. மாரிமுத்துவும் சேர்ந்துகொண்டான். "அடுப்ப மூட்டறதுக்குன்னே தனி ஆளு வேணும்ங்க. அந்த ஆளு வண்டி கழுவக் கூடாது" என்றான். ரோட்டோரத்துப் புளியமரத்தடியில் அன்று கம்பெனியின் சட்டமெல்லாம் மாறியது.

அதன் பிறகு நீங்களே திருச்சிக்குப் போய் நேரத்தை மாற்றிக்கொள்ள அனுமதி வாங்கி வந்தீர்கள். கரி வேலைக்கென்று நான்கு பேரைத் தனியாக வைத்தீர்கள். மாரிமுத்து தானாகவே முன்வந்து அந்த வேலைக்கு மாறிக்கொண்டான். டிரைவர்களைப் போலவே அவர்களுக்கும் காக்கிச் சட்டை தைக்கக் கொடுத்தீர்கள். கரி அள்ளுகிறவனுக்குக் காக்கிச் சட்டையா என்று ஊரில் சிரித்தார்கள். அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு மாரிமுத்து முதல் நாள் சாம்பல் வாரவே தயங்கினான், அழுக்காகிவிடும் என்று. நீங்கள் வாய்விட்டுச் சிரித்தீர்கள். அண்ணன் போன பிறகு நீங்கள் சிரித்து நான் கேட்டது அன்றுதான்.

ஆனால் பாயின் மனம் முழுசாகத் திரும்பியது அதனாலெல்லாம் இல்லை. அது அந்த மிராசுதார் விஷயத்தில்தான். மேட்டில் எல்லாரும் இறங்க வேண்டும் என்று பாய் சொன்னபோது, முன் சீட்டில் இருந்த அந்தப் பெரிய மனுஷர் மட்டும் அசையவில்லை. "நீங்களும் எறங்கணும்ங்க, இல்லாட்டி ஏறாது" என்று பாய் விடாமல் நின்று இறக்கிவிட்டார். மறுநாள் காலையில் மிராசுதார் ஷெட்டுக்கே வந்துவிட்டார். நாங்கள் எல்லாரும் அங்கேதான் இருந்தோம். பாய் பஸ்ஸுக்குப் பின்னால் நின்றிருந்தார்.

"உங்க டிரைவரு என்னை நடுரோட்டுல எறக்கி விட்டான். நான் யாருன்னு அவனுக்குத் தெரியுமா?"

"தெரியும்ங்க. ஆனா பாரம் இருந்தா வண்டி மேடு ஏறாதுங்க. எங்க எறங்கணும், எங்க ஏறணும்னு டிரைவர் சொல்றதுதான் இங்க உத்தரவு. உத்தரவு போட்டது நான். கோவம்னா என் மேல கோவப்படுங்க."

"அவன இன்னிக்கே நிறுத்தணும். இல்லாட்டி உங்க பர்மிட் என்னாகுதுன்னு பாருங்க."

உங்கள் குரல் கொஞ்சமும் உயரவில்லை அண்ணி. "பாயை நிறுத்திட்டா, நாளையிலேருந்து எந்த டிரைவரும் யாரையும் எறங்கச் சொல்ல மாட்டாங்க. பயந்துக்கிட்டே மேட்டுல ஏத்துவாங்க. வண்டி பின்னால உருண்டு ஆத்துல போய் விழும். அப்புறம் பர்மிட்ட வச்சுக்கிட்டு நான் என்னங்க பண்றது?"

அவர் போய்விட்டார். சொன்னபடி மனுவும் போட்டார். விசாரணை வந்தது. பாயையும் கூட்டிக்கொண்டு திருச்சிக்குப் போய், மேட்டையும் பாரத்தையும் பற்றி அவரையே பேச வைத்து, பர்மிட்டைக் காப்பாற்றிக்கொண்டு வந்தீர்கள். வேறு பஸ் இல்லாததால் மிராசுதாரும் நம் பஸ்ஸில்தான் வர வேண்டியிருந்தது. மேடு வந்தால் எங்கேயோ பார்த்துக்கொண்டு தானே இறங்கிவிடுவார்.

அவர் ஷெட்டுக்கு வந்துபோன அன்று மத்தியானம் நடந்ததை நீங்கள் பார்த்தீர்களோ என்னவோ. பாய் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, மாரிமுத்துவின் கையிலிருந்த வடிகட்டியை வாங்கித் தானே தட்டிக்கொண்டிருந்தார்.

சண்டை முடிந்தது. பெட்ரோல் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வரும் என்ற பேச்சு அடிபட்டபோது எங்களுக்கெல்லாம் கொண்டாட்டம். கரி ஆட்கள் நான்கு பேரின் முகத்தை மட்டும் யாரும் பார்க்கவில்லை. நீங்கள் பார்த்தீர்கள். பெட்ரோல் வந்த பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று நானே சொன்னேன். "இல்ல தம்பி, அவங்களுக்கு அது தெரியாமலா இருக்கும்? தெரிஞ்சும் நாம வாயத் தொறக்கலன்னா, பயந்துக்கிட்டே வேலை பாப்பாங்க" என்று சொல்லிவிட்டு எல்லாரையும் ஷெட்டில் கூட்டினீர்கள்.

"பெட்ரோல் வந்துட்டா கரி வேலை இருக்காது. அத இன்னிக்கே சொல்லிடறேன். ஆனா ஆள் யாரும் போகணும்னு இல்ல. பட்டாளத்து லாரி ஏலத்துக்கு வருதாம். ஒண்ணு எடுக்கப்போறேன். ஆண்டிமடத்து முந்திரி, பூலாம்பாடி கடலை எல்லாம் அரியலூர் ரயிலுக்குப் போகணுமில்ல? அதுக்கு டிரைவர் வேணும், ஏத்தி எறக்க ஆள் வேணும். பாய், நீங்க இவங்களுக்கு ஓட்டக் கத்துக் குடுக்கணும்."

பாய் யோசித்தார். "நாங்க கத்துக் குடுத்துட்டா எங்க வேலைக்கு ஒண்ணும் வராதே?"

"உங்க பஸ் உங்களுக்குத்தான் பாய். நீங்களா விடற வரைக்கும்."

ஏரிக்கு அந்தப் பக்கத்துப் பொட்டலில் பாய் மாரிமுத்துவை ஸ்டீரிங்கில் உட்கார வைத்துக் கத்திய கத்தல் இன்னும் காதில் இருக்கிறது. "கிளச்ச மெதுவா விடுடா! அடுப்பக் குத்துற மாதிரி மிதிக்காத!" திட்டிக்கொண்டே சொல்லிக் கொடுத்தார். மாரிமுத்து திருச்சியில் நடந்த லைசென்ஸ் பரீட்சையில் முதல் தடவை தேறவில்லை. இரண்டாம் தடவை தேறி வந்தபோது பாய்தான் கடைத்தெரு முழுக்க மிட்டாய் கொடுத்தார், தன் மகன் தேறியதுபோல.

எல்லாம் நன்றாகவே முடிந்தது என்று எழுதினால் உங்களுக்குப் பிடிக்காது. கரி ஆட்கள் நால்வரில் ஒருவரான செபஸ்தியான் நிற்கவில்லை. கண் பார்வை குறைவால் அவருக்கு டிரைவர் வேலை ஒத்துவரவில்லை. லாரியில் மூட்டை ஏற்றுவதை மேற்பார்வை பார்க்கச் சொன்னீர்கள். "மத்தவன் ஸ்டீரிங் புடிப்பான், நான் மூட்டை பாக்கணுமா?" என்று கோபித்துக்கொண்டு ஊரை விட்டே போய்விட்டார். அவர் வீடு வரைக்கும் போய்ப் பார்த்தீர்கள். பலனில்லை. கடைசி வருஷங்களில்கூட அந்தப் பேச்சு வந்தால், "அவர்கிட்ட முதல்ல தனியாச் சொல்லியிருக்கணும் தம்பி. எல்லாரு முன்னாலயும் வச்சுச் சொன்னேன் பாருங்க" என்பீர்கள். ஊரே மெச்சிய காரியத்தில் உங்கள் மனம் அந்த ஒரு ஆளிடம்தான் நின்றது.

மாரிமுத்து முதல் லோடு ஏற்றிய அன்று நீங்கள் லாரியிலேயே, அவன் பக்கத்தில் உட்கார்ந்து அரியலூர் வந்தீர்கள். ஸ்டேஷன் சரக்குக் கொட்டகை வாசலில் நாங்கள் காத்திருந்தோம். லாரி வளைந்து, ஒரு இடத்திலும் இடிக்காமல், கொட்டகையை ஒட்டி நின்றது. மாரிமுத்து இறங்கவில்லை. ஸ்டீரிங் மேல் நெற்றியை வைத்து அழுதுகொண்டிருந்தான். நீங்கள் இறங்கி வந்து என்னிடம், "தம்பி, அவரு மெதுவா வரட்டும். நாம மூட்டையப் பாப்போம்" என்று அந்தப் பக்கம் நடந்தீர்கள். ஆளை அழவிட்டு, அவன் அழுவதை யாரும் பார்க்காதபடி எங்களையும் கூட்டிக்கொண்டு போனீர்களே, அன்றுதான் அண்ணி, எங்கள் குடும்பத்துக்கு நீங்கள் வந்ததில் எனக்குத் தாங்க முடியாத பெருமை வந்தது.

பஸ்களையெல்லாம் பிற்பாடு விற்றோம். அது வேறு கதை. போன மாதம், என் மகன் வேலை பார்க்கும் சிமெண்ட் ஆலையிலிருந்து அவனுடைய அதிகாரி ஒருவர் வீட்டுக்கு வந்திருந்தார். இளம் வயது. புது இயந்திரம் வருகிறதாம், தொழிலாளர்கள் முரண்டு பிடிக்கிறார்களாம். யாரை மாற்றலாம், யாரைக் கண்டிக்கலாம் என்று இருவரும் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் நடுவில் போய் உட்கார்ந்து, "அந்த மெஷின எப்படி ஓட்டலாம்னு அவங்கள யாராவது கேட்டீங்களா தம்பி?" என்றேன். பிறகு மருதையாற்று மேட்டிலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னேன். செபஸ்தியானையும் விடவில்லை. முதலாளி, முதலாளி என்று சொன்னேனே தவிர, அது யார் என்று மட்டும் சொல்லவில்லை. நான் இத்தனை வருஷம் எத்தனையோ பேரை வைத்து வேலை வாங்கியிருக்கிறேன். எனக்குத் தெரிந்த வழி அது ஒன்றுதான்.

அந்த அதிகாரி தேநீரை ஆறவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். முடித்ததும், "யாரு சார் அந்த மேனேஜர்? எங்க படிச்சவரு?" என்றார்.

நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

"எங்க அண்ணிங்க" என்றேன்.

உங்கள் கொழுந்தன்