மூடிக்குள் இருந்தவர்

ஜூலை 12, சனி. கிள்ளான்.

எங்கள் ரிசர்வ் குதிரைப்படையின் வரலாற்றுப் புத்தகத்தை என் தலையில் கட்டிவிட்டார்கள். பெயர்தான் குதிரைப்படை, இருப்பதெல்லாம் கவச வண்டி. வார இறுதியில் மட்டும் சீருடை போடும் லோரி ஓட்டுநர் நான். எனக்கு இது தேவையா?

காலையில் பண்டமாரானுக்குப் போய், அந்தக் காலத்தில் கவச வண்டி ஓட்டிய மாணிக்கம் அங்கிளிடம் பழைய அணிவகுப்புப் படத்தைக் காட்டினேன். வண்டியின் மேலே அதிகாரி நின்று சல்யூட் அடிக்கிறார். அங்கிள் அதற்குக் கீழே, மூடியிருந்த இரும்பு மூடியின் மேல் விரலை வைத்தார்.

"நான் இதுக்குள்ளதான் இருக்கேன். பெரேட்ல டிரைவர் மூடியைத் தொறக்கக் கூடாதுலா."

படத்தின் கீழே அவர் பெயரையும் சேர்த்தேன். சாயங்காலம் கேப்டன் அதை அடித்துவிட்டார்.

"படத்துல தெரியிறவங்க பேரு மட்டும் போடு. மூஞ்சியே இல்லாத ஆளுக்கு எதுக்குலா பேரு?"

வண்டி தானாகவா ஓடியது என்று கேட்டிருக்க வேண்டும். "சரி சார்" என்றுதான் வாயில் வந்தது. போன வருட அணிவகுப்பில் நானும் மூடிக்குள்தான் இருந்தேன்.

அங்கிள் மூன்று புத்தகம் எடுத்து வைக்கச் சொல்லியிருக்கிறார். மகள்களுக்கு ஆளுக்கு ஒன்றாம்.