கிதியோன் துப்பாக்கிக்குக் கொடுத்த வளையம்

தம்பகே, ரோவியானாக் கழி
29 ஜூன் 2003, ஞாயிறு

அன்புள்ள தம்பி லெஸ்லிக்கு,

கர்த்தர் உன்னைக் காக்கட்டும். ஆராதனை முடிந்து, கிழங்கு வேகிற நேரத்தில் எழுதுகிறேன். நீ அனுப்பிய பணத்தில் கூரைத் தகடு வாங்கியது போக எழுபத்திரண்டு டாலர் மீதி. அது உன் பெயரில் தனியாக இருக்கிறது.

அப்பாவின் கைத்துப்பாக்கியில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டிருந்தாய். வலது பக்கம் ஜப்பான் எழுத்துக்குக் கீழே 17.3 என்று வெட்டியிருக்கிறது. இன்னொரு எண்ணும் இருக்கிறது, அதன் கடைசி மூன்று இலக்கம் 416. தோட்டா வைக்கிற பெட்டியின் அடியிலும் அதே 416. கைப்பிடி மரத்தில் ஒரு கீறல். துரு இல்லை. அப்பா போன நாலு வருஷமாகச் சனிக்கிழமை தவறாமல் தேங்காய் எண்ணெய் போட்டுத் துடைக்கிறேனே, எப்படி வரும்? ஞாயிற்றுக்கிழமை தொட மாட்டேன், அது உனக்குத் தெரியும்; எண்களை நேற்றே குறித்துவைத்தேன்.

அப்பாவின் கல்லறை இன்னும் பவளக்கல் குவியலாகவே கிடக்கிறது. துப்பாக்கியை விற்றுச் சிமெண்டில் கட்டலாம் என்று நீ சொல்வது எனக்கும் சரியாகத்தான் படுகிறது. ஆனால் மனசு முழுதாக ஒப்பவில்லை. பார்ப்போம்.

சட்டைக்குள் கம்பளி போட்டுக்கொள்.

உன் அக்கா,
ஓலிவ்


பிரிஸ்பேன்
13 ஜூலை 2003

அன்புள்ள அக்காவுக்கு,

உன் எண்ணெய்க்கு ஒரு கும்பிடு. எங்கள் கிடங்கு மேஸ்திரி கிரஹாம் பழைய துப்பாக்கிகள் சேர்க்கிறவர். உன் குறிப்பைப் படித்துவிட்டு எழுந்தே நின்றுவிட்டார். 17 என்பது ஜப்பான் அரசர் பட்டமேறிய கணக்கில் வருஷமாம். 1942 மார்ச்சில் செய்தது. துப்பாக்கி எண்ணும் தோட்டாப் பெட்டி எண்ணும் ஒன்றாக இருப்பது அபூர்வமாம். இரண்டாயிரம் போகும் என்றார்.

"எங்கப்பா போர்லே வேவுக்காரரா இருந்து, ஜப்பான் விமானியைப் பிடிச்சப்போ எடுத்தது" என்றேன். சிரித்தார். "லெஸ், துப்பாக்கி வச்சிருக்கிறவன் ஒவ்வொருத்தனுக்கும் அப்படி ஒரு அப்பா உண்டுப்பா. பாதிப் பேரு சிகரெட்டுக்கு மாத்தினதுதான்."

கூட இருந்தவர்களும் சிரித்தார்கள், அக்கா. எனக்குப் பணம்கூடப் பெரிசில்லை. விசாரித்து எழுது. அப்பா கையால் பிடித்தது என்று கூட இருந்த யாராவது சொன்னால், விலையும் இரண்டு மடங்காம்.

தம்பி,
லெஸ்லி


தம்பகே
26 ஜூலை 2003

அன்புள்ள தம்பிக்கு,

சமாதானம் உண்டாவதாக. கழிக்கு அந்தப் பக்கம் ரெபேக்கா பெரியம்மாவைப் போய்ப் பார்த்தேன். அப்பாவோடு வேவு பார்த்த, மறைந்த சாமா பெரியப்பாவின் மனைவி. கண் மங்கிவிட்டது, வாய் மங்கவில்லை.

"உங்கப்பன் பிடிச்சானா? நல்லா இருக்கே கதை! உங்கப்பன் படகுலே உக்காந்து துடுப்புப் போட்டான். தண்ணிக்குள்ளே பாய்ஞ்சு அந்த ஜப்பான்காரன் கழுத்தைப் பிடிச்சது என் ஆளு."

எனக்கு முகம் எரிந்தது. "அப்ப துப்பாக்கி எப்படிப் பெரியம்மா எங்க வீட்டுக்கு வந்தது?"

"அதைக் கேளு. கடல்லே விழுந்த விமானி கையிலே துப்பாக்கி, இவர் கையிலே ஒண்ணும் இல்லை. உங்கப்பன் படகை நேரா அவன் மேலேயே விட்டான். குண்டு படகுலேதான் பட்டுச்சு. இல்லேன்னா நான் அன்னிக்கே விதவை. அப்புறம் துப்பாக்கி யாருக்குன்னு ரெண்டு பேருக்கும் சண்டை. இவரு 'நீதான் வச்சுக்கணும்'ங்கறாரு, அவன் 'நீதான்'ங்கறான். ரெண்டு கிறுக்கனுங்க!"

கடைசியில் அப்பா, தாத்தா கொடுத்த சிப்பி வளையத்தைக் கொண்டுபோய்த் துப்பாக்கிக்கு ஈடாகச் சாமா பெரியப்பா கையில் வைத்தாராம். தன் கல்யாணத்துக்கு, பெண் வீட்டில் கொடுக்க வைத்திருந்த ஒரே வளையம். அம்மாவைக் கேட்டுப் போக வளையமில்லாமல் மூன்று வருஷம் காத்திருந்தார் என்று நமக்குத் தெரியும். காரணம்தான் தெரியாது. பெரியம்மா பெட்டியைத் திறந்து காட்டினாள். வளையம் இருக்கிறது, தம்பி. விளிம்பில் மஞ்சள் ஓடிய, நல்ல கனமான வளையம்.

"துப்பாக்கியை யாருக்கு வேணும்னாலும் கொடுங்க. ஆனா என்னைக் கேட்டுட்டுக் கொடுங்க" என்றாள். நியாயம்தானே. வளையம் கைமாறிய பொருள் இரண்டு வீட்டுக்கும் சொந்தம்.

உன் மேஸ்திரியிடம் சொல்: சிகரெட்டுக்கு மாற்றியது இல்லை.

தலைநகர் ஹோனியாராவில் வெளிநாட்டுப் படை வந்து இறங்கிவிட்டதாக வானொலியில் சொன்னார்கள். இந்த ஐந்து வருஷக் கலவரம் தீரட்டும் என்று ஜெபிக்கிறோம்.

அக்கா,
ஓலிவ்


பிரிஸ்பேன்
8 ஆகஸ்ட் 2003

அக்கா,

அவசரமாக எழுதுகிறேன். மைத்துனன் விமானத்தில் வருகிறான், அவன் கையில் கொடுத்தனுப்புகிறேன். இருபத்தோராம் தேதிக்குள் எல்லா ஆயுதத்தையும் அந்தப் படையிடம் ஒப்படைக்க வேண்டும் என்று இங்கே செய்தித்தாளில் படித்தேன். வாங்கி அறுத்துப் போடுகிறார்களாம்.

அவர்கள் கேட்பது கலவரக்காரன் துப்பாக்கியை. அப்பாவுடையது அப்படியா? வளையக் கதையைச் சொன்னதும் கிரஹாம் சிரிக்கவில்லை. தொப்பியைக் கழற்றினார். "நாலாயிரத்து ஐநூறு தர்றேன், அனுமதி எல்லாம் நானே பாத்துக்கறேன்" என்கிறார். சேனைக்கிழங்குத் தோட்டத்தில் எண்ணெய்த் துணி சுற்றிப் புதைத்து வை. கிறிஸ்துமஸுக்கு நான் வந்து பார்த்துக்கொள்கிறேன். பெரியம்மாவுக்கும் பங்கு கொடுத்துவிடலாம்.

அப்பாவிடமிருந்து நமக்கு மிஞ்சியது அது ஒன்றுதான். அதை அறுக்கக் கொடுத்துவிடாதே. கொடுத்தால் எனக்குக் கடிதம் எழுதாதே.

லெஸ்லி


தம்பகே
19 ஆகஸ்ட் 2003

அன்புள்ள தம்பிக்கு,

எழுதாதே என்றாய். எழுதுகிறேன். கோபத்தோடாவது படித்து முடி.

உன் கடிதம் வந்த அன்று நான் மாதர் சங்கத் தலைவியாக வீடு வீடாகப் போய்க்கொண்டிருந்தேன், பிள்ளைகள் ஒளித்து வைத்திருப்பதைக் கொடுத்துவிடுங்கள் என்று கேட்டு. எல்லா வீடும் ஒப்படைத்தால் ஊர் முகப்பில் "துப்பாக்கி இல்லாத ஊர்" என்று பலகை நடுவார்கள். மில்டா வீட்டு வாசலில் நின்றேன். அவள் மகன் கையில் ஒரு நீளத் துப்பாக்கி இருப்பது ஊருக்கே தெரியும்.

"ஓலிவ், உங்க வீட்டிலே சனிக்கிழமை சனிக்கிழமை எண்ணெய் வாசனை வருதே, அது எதுக்கு? தலைக்கா?" என்றாள் மில்டா. பக்கத்து வீட்டுப் பெண்கள் சிரித்தார்கள். "முதல்லே உங்கப்பனோடதைக் கொண்டா. அப்புறம் என் மகனோடதைக் கேளு."

அன்று இரவு முழங்காலில் நின்றேன். தோட்டத்தில் குழி வெட்டக்கூடப் போனேன், தம்பி, அதையும் மறைக்கவில்லை. மண்வெட்டி போட்டதும் அப்பா நினைப்பு வந்தது. துப்பாக்கி நீட்டியவன்மேல் நேராகப் படகை விட்ட மனிதர். அவர் மகள் அதை ஒளித்து வைத்தால் நன்றாகவா இருக்கும்?

காலையில் படகெடுத்துப் பெரியம்மாவைக் கேட்டேன். "நானும் வர்றேன்" என்று மட்டும் சொன்னாள்.

நேற்று ஒப்படைத்தோம். புதுப் பாயில் துப்பாக்கியை வைத்து, இரண்டு பேரும் ஆளுக்கொரு முனை பிடித்து, ஊரே பார்க்க முதலில் நடந்தோம். மேசையில் இருந்தவன் டோங்கா நாட்டுச் சிப்பாய். "பழைய கைத்துப்பாக்கி ஒன்று" என்று எழுதப் போனான்.

"தம்பி, அதுக்குப் பேரு உண்டு" என்றேன். "கிதியோன் ஹிட்டேயும் சாமாவும் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாப்பத்து மூணுலே பிடிச்சதுன்னு எழுதுப்பா."

கதை முழுதும் கேட்டான். எழுந்து நின்று சல்யூட் அடித்துவிட்டுத்தான் எழுதினான். நான் அழவில்லை. பெரியம்மாதான் அழுதாள், கேட்டால் வெயில் என்பாள்.

திரும்பிப் பார்த்தால் எனக்குப் பின்னால் மில்டா. பழைய துணியில் சுற்றிய நீளத் துப்பாக்கி கையில். அவளுக்குப் பின்னால் இன்னும் பெண்கள்.

எல்லாம் முடிந்து கரைக்கு வந்ததும் பெரியம்மா மடியிலிருந்து வளையத்தை எடுத்து என் கையில் வைத்தாள். "துப்பாக்கிக்காக வந்தது. துப்பாக்கி போச்சு. எனக்கு இனி இது எதுக்குடி? உங்கப்பன்கிட்டேயே கொடு."

ஆகவே, அப்பாவிடமிருந்து நமக்கு மிஞ்சியது ஒன்று வீட்டில் இருக்கிறது. கல்லறை கட்டும்போது தலைமாட்டில் பதிக்கலாமா என்று உன்னைக் கேட்காமல் செய்ய மாட்டேன்.

உன் பதிலுக்காக ஜெபிக்கும்,
ஓலிவ்


பிரிஸ்பேன்
21 செப்டம்பர் 2003

அன்புள்ள அக்காவுக்கு,

இரண்டு வாரம் உன் கடிதத்தைப் பிரிக்காமல் வைத்திருந்தேன். பிரித்த பிறகு கிடங்கில் சாப்பாட்டு வேளையில் எல்லோருக்கும் படித்துக் காட்டினேன். டோங்காச் சிப்பாய் எழுந்து நின்ற இடத்தில் என்னால் படிக்க முடியவில்லை. மீதியைக் கிரஹாம் வாங்கிப் படித்தார்.

முடித்துவிட்டு, "அந்த வளையம் என்ன விலைப்பா வரும்?" என்றார்.

"மூணு வருஷம் கல்யாணம் தள்ளிப்போகும், அதான் விலை" என்றேன். சிரித்துவிட்டு என் தோளைத் தட்டினார்.

அப்பா தலைமாட்டிலேயே பதிக்கலாம். பெரியம்மா கையால் பதிக்கட்டும். கிறிஸ்துமஸுக்கு வருகிறேன், சிமெண்ட் செலவு என் சம்பளத்தில். அந்த எழுபத்திரண்டு டாலரையும் சேர்த்துக்கொள்.

சனிக்கிழமை எண்ணெய்க்கு இனி வேலையில்லை என்று நினைக்காதே. நம் ஊர் உப்புக்காற்றில், முகப்பில் நடப்போகும் பலகையின் ஆணியெல்லாம் துருப்பிடிக்கும். நீதான் துடைக்க வேண்டும்.

கிதியோன் ஹிட்டேயின் மகன், உன் தம்பி,
லெஸ்லி